வெளிறிப்போன மீ கோரெங்

சிங்கப்பூர் போகிறேன் என்றதும் எல்லாரும் தலைவலித் தைலம் வாங்கி வரச் சொன்னார்கள். நான் போனது பவளப்பாறை பார்க்க. இதை ஒவ்வொரு சித்தப்பாவுக்கும் தனித்தனியாக விளக்கியதில், விமானம் ஏறும் முன்பே எனக்கே அந்தத் தைலம் தேவைப்பட்டது.

விளக்கம் இதுதான். தூத்துக்குடியில் நானும் செல்வின் அண்ணனும் சேர்ந்து ஒரு செயற்கை நுண்ணறிவு மாடலை உருவாக்கியிருக்கிறோம். கடலடியில் எடுத்த பவளப் படத்தைக் கொடுத்தால் அது நலமாக இருக்கிறதா, வெளிறிவிட்டதா, அல்லது படத்தில் இருப்பது பவளமே இல்லையா என்று சொல்லும். தண்ணீர் சூடானால் பவளம் தன் உடம்புக்குள் குடியிருக்கும் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். சீக்கிரம் தெரிந்தால் ஏதாவது செய்யலாம். தாமதமானால் எலும்புக்கூடுதான் மிஞ்சும். மன்னார் வளைகுடாவில் முங்கிப் படம் எடுத்துத் தருகிறவர் செல்வின் அண்ணன். அந்தப் படங்களை வைத்து மாடலைப் பழக்கியவள் நான். எனக்குக் கடல் பிடிக்கும், படகு ஆகாது.

சிங்கப்பூரின் தென்தீவுகளில் பவளத்தைக் கவனிக்கும் ஒரு குழு எங்கள் மாடலைப் பார்க்க விரும்பியது. வெள்ளிக்கிழமை அவர்கள் முன்னால் இயக்கிக் காட்ட வேண்டும். தேறினால், கடல் சூடேறும் இந்த மாதங்கள் முழுக்க அவர்களுடைய படங்களை எங்கள் இயந்திரம் படிக்கும். தேறாவிட்டால் அவர்கள் வழக்கம்போல் வார இறுதிகளில் உட்கார்ந்து கண்ணால் பார்ப்பார்கள், பார்த்து முடிப்பதற்குள் சூடு வந்து போயிருக்கும். எங்களுக்கும் வேறு வழியில்லை. வெளியூரில் ஓர் ஆளாவது பயன்படுத்தாவிட்டால் இதை மூட்டை கட்டிவிடலாம் என்று எங்கள் அலுவலகத்தில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

முதல் நாள் முழுக்க சாப்பாட்டில் எரிச்சல். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் அறை. வெளியே வந்தால் மல்லிகைப்பூ, முருங்கைக்காய், நகைக்கடை. நம் ஆட்கள் சிக்னலைச் சட்டை செய்யாமல் குறுக்கே பாய்கிறார்கள். கண்ணீரே வந்துவிட்டது எனக்கு. ஆனால் காலைப் பலகாரத்துக்கு பிராட்டா என்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். பார்க்க நம் புரோட்டா. பக்கத்து மேசையில் ஒருவர் அதைச் சர்க்கரையில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சால்னாவில் ஊறிய புரோட்டாவில் வளர்ந்தவள் நான். வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். டீயில் சர்க்கரை குறைவாகக் கேட்டேன், தித்திக்கும் டின் பாலை அள்ளி ஊற்றித் தந்தார்கள். "சர்க்கரையே போடலையே" என்றார் கடைக்காரர். உண்மைதான், சர்க்கரை போடவில்லை.

மதியம் தேக்கா உணவுக்கூடத்தில் மேசை எல்லாம் நிரம்பி வழிந்தது. ஒன்று மட்டும் காலி. மேலே ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தது. என்ன உபசரிப்பு என்று நினைத்துப் பிரித்து, முகத்தையும் கழுத்தையும் நன்றாகத் துடைத்துக்கொண்டேன். தட்டோடு வந்த ஒரு சீன அம்மா என்னையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அது இடம் பிடிப்பதற்கு வைத்ததாம். நம் ஊரில் பேருந்து இருக்கையில் துண்டு போடுகிற அதே வேலை. அந்தத் துண்டை எடுத்து நான் முகம் துடைத்திருக்கிறேன்.

இரண்டாம் நாள் காலை படகு. என்னை அழைத்துப்போக வேண்டியவர் ரேவதி அக்கா. அந்தக் குழுவின் உயிரியலாளர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், நீருக்கடியில் படம் எடுப்பவர்களுக்குத் தலைவி. மெரினா சவுத் படகுத்துறையில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். நான் ரயில் மாறும் இடத்தில் எதிர்த்திசை வண்டியில் ஏறிவிட்டேன். குளிர்சாதனம், மெத்தென்ற நிசப்தம், ஒருவரும் யாரிடமும் பேசவில்லை. நம் ரயிலில் இதற்குள் எதிர் இருக்கைக்காரர் என் சம்பளம் வரை விசாரித்து, "நீ போறது தப்பான வண்டிம்மா" என்றும் சொல்லியிருப்பார்.

போன் அடித்தது.

"எங்கம்மா இருக்கீங்க?"

"ஏதோ தோ பாயோன்னு போட்டிருக்குக்கா."

"தோ பாயோவா! அது என் வீடு லா! நான் இங்க படகுத்துறையில நிக்கிறேன், நீங்க என் வீட்டுக்குப் போய் என்ன பண்றீங்க?" (இங்கே பாதிப் பேச்சுக்கு 'லா' என்று வால் முளைக்கும்.)

படகு எனக்காகக் காத்திருந்தது. படகில் இருந்த எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்காமல் பார்த்தார்கள். துறையைத் தாண்டியதும் என் வயிறு புரட்ட ஆரம்பித்தது. ஒரு பக்கம் கப்பல்கள் வரிசையாக நிற்கின்றன, இன்னொரு பக்கம் வானுயரக் கட்டடங்கள். இதற்கு நடுவில் பவளம் உயிரோடு இருக்கிறது என்றால் நம்ப முடிகிறதா? தண்ணீர் நீராகாரம் மாதிரி கலங்கல். எங்கள் தீவுகளில் வெயில் நேரத்தில் குனிந்தால் தரை தெரியும். இங்கே கையை விட்டால் முழங்கைக்குக் கீழே காணோம்.

தீவை அடைந்ததும் ரேவதி அக்காவும் இரண்டு தன்னார்வலர்களும் தண்ணீரில் இறங்கினார்கள். நான் தீவின் படகுத்துறையில் மடிக்கணினியோடு நிழல் தேடி உட்கார்ந்தேன். அவர்கள் ஏறி வந்து கேமராவைக் கொடுத்தார்கள். அழகான படங்கள். ஒவ்வொன்றிலும் பவளத்துக்குப் பக்கத்தில் நிற அட்டை, அதாவது விளிம்பில் வெளிர் மஞ்சளிலிருந்து அடர் பழுப்பு வரை பட்டை போட்ட உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் அட்டை. பவளம் எந்தப் பட்டையோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால் அதன் உடல்நிலை தெரியும். எங்களிடமும் அதே அட்டை உண்டு.

மாடலை ஓட்டினேன். வெளிறியது. வெளிறியது. வெளிறியது. அத்தனை படங்களுக்கும் ஒரே பதில்.

ரேவதி அக்கா ஈர முடியைப் பிழிந்தபடி திரையை எட்டிப் பார்த்தார். "இப்பதானே கண்ணால பார்த்துட்டு வந்தேன். எல்லாம் கும்முனு பிரவுனா இருக்கு."

"கொஞ்சம் லைட்டா இருக்கிற மாதிரி..."

"ஜெனி, எது லைட்டு? இதுவா? கப்புல ஊத்தின மைலோ கலர்ல இருக்கு!"

திரும்பும் வழியில் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு தன்னார்வலர் எனக்கு இஞ்சி மிட்டாய் கொடுத்தார்.

மூன்றாம் நாள் அவர்களுடைய அலுவலகத்தில். செல்வின் அண்ணனை அழைத்தேன். அவருக்கு ஒரு நிமிடம்கூட யோசிக்கத் தேவைப்படவில்லை.

"தண்ணி கலங்கலா இருக்குல்லா? அதான். நம்ம மாடல் தெளிஞ்ச தண்ணியில வளந்த புள்ள. படத்துல இருக்க பச்சைய எடுத்துரு, சரியாயிரும்."

அறிவுக்குப் பொருத்தமான பதில். பச்சையை எடுத்தேன். வெளிறியது. மஞ்சளைக் கூட்டினேன். வெளிறியது. கலங்கலைத் துடைக்க ஒரு வடிகட்டி எழுதினேன், படம் கண்ணாடி மாதிரி ஆயிற்று. வெளிறியது, முன்பைவிட உறுதியாக. குழுத்தலைவர் மிஸ்டர் டான் இரண்டு முறை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் சொன்னால்: "பரவாயில்லை, அவசரமில்லை. நாளைக்குத்தானே?"

சாயங்காலம் ரேவதி அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தேக்காவுக்கு வந்தார். "பசியோட யோசிச்சா எதுவும் வராது. வா." ஒரே நாளில் நான் 'நீங்க'விலிருந்து 'வா'வுக்கு இறங்கியிருந்தேன். அதுவரை நடந்தவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான்.

அவருக்கு மீ கோரெங், அதாவது தக்காளிச் சிவப்பில் வறுத்த நூடுல்ஸ். எனக்குத் தோசை. எங்கள் மேசையிலேயே புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன்கள் இரண்டு பேர், கப்பல் பட்டறை வேலை முடித்து வந்தவர்கள், பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரேவதி அக்கா டிஷ்யூ தேடித் தன் பையைக் கவிழ்த்தார். சாவி, நீச்சல் கண்ணாடி, நிற அட்டை எல்லாம் மேசையில் விழுந்தன.

என் போனிலும் அந்த மாடல் இருக்கிறது. ஆத்திரத்தில் அதைத் திறந்து மீ கோரெங்கைக் காட்டினேன்.

"இந்தா, இதையும் சொல்லு!"

வெளிறியது, என்றது.

ரேவதி அக்காவுக்குப் புரையேறிவிட்டது. "இதா வெளிறிடுச்சு? இந்தச் சிவப்பா?"

பக்கத்து அண்ணன் எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, சாப்பாட்டுக்கு ஸ்கேனா?"

"இல்லண்ணே. இது கடல்ல பவளம் செத்துப்போச்சான்னு பாக்கிற மிஷின்."

"அப்ப சரியாத்தான் சொல்லுது," என்றார் அவருடைய நண்பர். "இந்தக் கடை நூடுல்சு செத்து ரொம்ப நாளாச்சு."

அட்டையில் குழம்பு தெறித்திருந்தது. துடைப்பதற்காக அக்கா அதை எடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலில் இன்னொரு தடவை அழுத்தினேன்.

பவளம் அல்ல, என்றது.

"அக்கா. அட்டையை வைங்க."

வைத்தார். வெளிறியது.

"எடுங்க."

பவளம் அல்ல.

தோசைக்குப் பக்கத்தில் அட்டையை வைத்தேன். வெளிறியது. பிரியாணிக்குப் பக்கத்தில். வெளிறியது. அண்ணன் தன் ஹெல்மெட்டைத் தூக்கி வைத்து, "இதுக்குப் பாரு, இதுக்குப் பாரு" என்றார். மஞ்சள் ஹெல்மெட், கடுமையாக வெளிறியது. என் கையும் வெளிறியது. என் மாடல் ஒரு நாளும் பவளத்தின் நிறத்தைப் பார்க்கவேயில்லை. அது அட்டையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

அங்கிருந்தே செல்வின் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, நீங்க எப்ப அட்டை வைப்பீங்க?"

"எப்ப வைப்பேன்? சந்தேகமா இருந்தா வைப்பேன். கொஞ்சம் வெளுத்த மாதிரி தெரிஞ்சா வச்சுப் பாத்துக்கிடுவேன்."

"நல்லா இருந்தா?"

"நல்லா இருக்கதுக்கு எதுக்கு ஜெனி அட்டை? ஒரு கையில கேமரா, ஒரு கையில குறிப்பெழுதுத பலகை. அட்டையப் பல்லுல கடிக்கச் சொல்லுதியா?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆயிரக்கணக்கில் அந்தப் படங்களை ஒவ்வொன்றாக நான்தான் அடுக்கினேன். வெளிறியவை ஒரு பக்கம், நல்லவை ஒரு பக்கம். ஒரு பக்கத்தில் மட்டும் அட்டை இருப்பது என் கண்ணில் படவில்லை. இங்கே இவர்களோ ஒழுங்குக்குப் பிறந்தவர்கள். ஒரு படம் தவறாமல், பவளம் நோஞ்சானாக இருந்தாலும் கொழுகொழுவென்று இருந்தாலும் அட்டை வைக்கிறார்கள். அட்டை இருந்தால் நோய் என்று மன்னார் வளைகுடாவில் கற்றுக்கொண்ட இயந்திரம் இங்கே வந்து கடல் முழுக்கச் செத்துவிட்டது என்று ஒப்பாரி வைக்கிறது.

செல்வின் அண்ணன் போனிலேயே வழியும் சொன்னார். "அப்ப ரொம்ப லேசு. அட்டைய வெட்டிட்டு ஓட்டு. நாளைக்கு எல்லாம் சரியா வரும்லா?"

நானும் அதைத்தான் நினைத்தேன். தட்டுகளைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு (இங்கே தட்டை நாம்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முறைப்பு) படங்களின் ஓரத்தை வெட்டி, அட்டையில்லாமல் ஓட்டினேன்.

நலம். நலம். நலம். ஒன்றுகூடத் தவறவில்லை. ரேவதி அக்கா தண்ணீருக்கடியில் கண்ணால் பார்த்துச் சொன்னதும் அதேதான். இதை அப்படியே காட்டினால் வெள்ளிக்கிழமை கைதட்டல் நிச்சயம்.

கொண்டாடத் தோன்றியது. சந்தோஷம் கரும்புச்சாறு வாங்குகிற வரைக்கும் தாங்கியது. கண்ணாடிக் குவளையைக் கையில் பிடித்தபடி, "அக்கா, உங்ககிட்ட நிஜமாவே வெளிறின படம் இருக்கா? பழசு?" என்று கேட்டேன்.

இருந்தது. முன்பு ஒரு சூடான வருடத்தில் எடுத்தது. அவர் போனில் தேடி எடுத்துக் கொடுத்தார். பவளம் உப்பளத்து உப்பு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓரத்தில் இருந்த அட்டையை வெட்டினேன். ஓட்டினேன்.

நலம்.

ரேவதி அக்கா வாயில் இருந்த ஸ்ட்ராவை எடுத்தார். பிறகு, "நாளைக்கு என்ன காட்டப் போற?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"நல்ல படங்களை மட்டும் காட்டினா தேறிடும்க்கா."

"தெரியும். அதான் கேக்கிறேன். அடுத்த மாசம் தண்ணி சூடாகும். எல்லாம் வெளுக்கும். உன் மிஷின் நலம் நலம்னு சொல்லிட்டே இருக்கும். நாங்களும் மிஷின் பாத்துக்குதுன்னு வீட்டுல உட்கார்ந்திருப்போம்."

நான்காம் நாள், வெள்ளிக்கிழமை. நீள மேசை, வழவழப்பான கூட்ட அறை, எல்லாருக்கும் முன்னால் ஒரு கறிப்பஃப். மிஸ்டர் டான் தலைமையில் ஏழெட்டுப் பேர். நான் முதல் படத்தைத் திரையில் போட்டேன். மீ கோரெங்.

அறையில் ஒரு சின்னச் சலசலப்பு. பக்கத்தில் அட்டையை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். மிஸ்டர் டான் தன் கறிப்பஃப்பை நகர்த்தி, "இதையும் பார்" என்றார். வெளிறியது. எல்லாரும் சிரித்தார்கள். அந்த உப்பு வெள்ளைப் படத்தைப் போட்டதும் சிரிப்பு நின்றது. நலம் என்ற சொல் பெரிய எழுத்தில் சுவர் முழுக்க நின்றது.

மிஸ்டர் டான் கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால் இந்த வருடம் இது எங்களுக்கு உதவாது."

"உதவாது" என்றேன். மத்தியானம் எங்கள் அலுவலகத்துக்கு என்ன எழுதுவது, செல்வின் அண்ணனிடம் என்ன சொல்வது என்று மண்டைக்குள் ஒரு பக்கம் ஓடியது.

"இப்போதே சொன்னது நல்லது" என்றார் அவர். அத்தோடு விட்டாரா? "உன் விமானம் நாளை மாலைதானே? இந்த வாரப் படங்கள் கொஞ்சம் பார்க்காமல் கிடக்கின்றன. கண் இருக்கிறதல்லவா?"

கடல் தாண்டி ஓர் இயந்திரத்தோடு வந்தவளை மூலையில் உட்காரவைத்துப் படங்களைக் கண்ணால் பார்க்கச் சொன்னார்கள். இந்த வேலையை ஒழிக்கத்தானே நான் மெனக்கெட்டு இவ்வளவு படித்தேன்! முஸ்தபா பேரங்காடியில் சித்தப்பாக்களின் தைலம் காத்துக்கொண்டிருந்தது. நான் பவளத்தையும் அட்டையையும், பவளத்தையும் அட்டையையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். பழுப்பு. பழுப்பு. பழுப்பு. கண் எரிந்தது. கிளைக்கிளையாக இருந்த ஒரு பவளத்தைத் தாண்டிப் போய்விட்டு, என்னமோ உறுத்தத் திரும்பி வந்தேன். உடம்பெல்லாம் பழுப்புதான். நுனிகள் மட்டும் நகக்கண் அளவுக்கு வெளுத்திருந்தன.

"அக்கா, இது கேமரா வெளிச்சமா?"

ரேவதி அக்கா திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். அடுத்த படத்துக்குப் போனார். பக்கத்துப் பவளத்திலும் நுனிகள். இன்னொன்றிலும். "சில சாதியில வளர்ற நுனி வெள்ளையாத்தான் இருக்கும்," என்றார், தனக்குள் பேசுகிற மாதிரி. "இது அந்தச் சாதி இல்லை." எழுந்து படகுக்காரருக்குப் போன் போட்டார்.

மறுநாள் காலை, என் பெட்டி அறையில் பாதி கட்டியபடி கிடக்க, நான் மறுபடி அந்தப் பாழாய்ப்போன படகில் விளிம்பைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். இஞ்சி மிட்டாய் தீர்ந்திருந்தது. தீவுக்குப் பக்கத்தில் சின்னப் பவளத்துண்டுகளை நாற்று மாதிரி தட்டுகளில் வைத்து வளர்க்கிறார்கள். வெளிறல் தொடங்கிவிட்டால், வெயில் தாக்காமல் முதலில் அவற்றுக்குத்தான் நிழல் கட்ட வேண்டும்.

ரேவதி அக்கா மேலே வந்தார். வாயிலிருந்து மூச்சுக்கருவியை எடுத்ததும், "ஆரம்பிச்சிடுச்சு. நுனிதான். நாற்றுக்கு இன்னும் வரலை" என்றார். படகில் இருந்தவர்கள் அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்கவில்லை. நிழல்வலைச் சுருளைப் பிரித்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். ஒரு முனைக்கு ஆள் இல்லை.

எனக்கு விமானம் இருக்கிறது, வயிறு சரியில்லை, இது என் வேலையே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஜெனி, வாந்தியை அப்புறம் எடு. இதைப் பிடி லா!"

வலையின் ஈரக்கயிறு மடியில் வந்து விழுந்தது. பிடித்தேன்.